பாய் கடையில் சொல்லாமல் விட்டது

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயமுத்தூர் பக்கம் ஒரு ரேஸ் மைதானம். எங்கூட்டுக்காரர் ஓட்டிய வெள்ளைக் கார், முதல் வளைவிலேயே பம்பரமாகச் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது.

ஜனங்கள் கை தட்டினார்கள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். பாதி பயம்... மீதி குற்றவுணர்ச்சி. அந்த நாலு டயரையும் பார்த்து வாங்கியது நானாயிற்றே!

எங்கூட்டுக்காரருக்கு வயது ஐம்பத்தாறு. 'இந்த வயசில் ரேஸா?' என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நானும் கேட்டேன் – மனசுக்குள்ளே. புதுசாக ஓட்டுகிறவர்களுக்கென்றே ஒரு நாள் வைத்திருக்கிறார்கள், சொந்தக் காரையே கொண்டுவரலாம் என்று ஒரு நூல் வியாபாரி சொல்லிவிட்டார். அப்புறம் இவருக்குத் தூக்கம் ஏது?

எங்களுக்கு இருப்பதோ ஒரே கார். குண்டடத்தில் தைக்கக் கொடுத்த பனியனைத் தினமும் அருள்புரத்தில் இருக்கிற எங்கள் கம்பெனிக்கு ஏற்றிவருவதும் அதுதான். பழைய டயர் நாலும் மொட்டை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை ரேஸுக்கும், திங்கட்கிழமை மூட்டைக்கும் சேர்த்து ஒரே டயர் வேண்டும். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று – மனுசன் முழுசாக ஊடு வந்து சேரணும்.

ரேஸுக்கு நாலு நாள் முன்னால் டயர் கடை வாசலில் காரை நிறுத்தினார். "ஏம் புள்ள, நீயே போய்த் தொட்டுப் பாரு. உன்ற கை தப்பாது" என்று சொல்லிவிட்டு எதிர் டீக்கடைக்குப் போய்விட்டார்.

நான் இருபது வருசமாகத் தைத்த பனியனில் குறை பார்க்கிற செக்கிங் வேலை பார்க்கிறவள். பனியன் துணியை விரலால் தடவினால் அதன் கனம் எத்தனை கிராம் என்று சொல்லிவிடுவேன். படித்தது அஞ்சாங்கிளாஸ்தான், மிச்சப் படிப்பெல்லாம் விரலில். அந்தத் திமிரில் டயர் டயராகத் தடவினேன். நகத்தால் அழுத்தினேன். இழுத்துப் பார்க்க முடியாததுதான் குறை!

ஒன்று மட்டும் மெத்தென்று இருந்தது. அதைத் தொட்டுக் காட்டினேன்.

கடைக்கார பாய் சிரித்தார். "அம்மா, இது தரையைக் கவ்விப் பிடிக்கும்ங்க. ஆனா மூட்டை ஏத்தித் தெனமும் ஓட்டுனா வெரசா தேஞ்சுரும். என்ன, ரேஸுக்கா போறீங்க?"

கடையில் இருந்த நாலு ஆம்பளைகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

'ஆமாங்க' என்று ஒரு வார்த்தை... ஒரே வார்த்தை! வாய் வரவில்லை. "சேச்சே, இல்லீங்க. குண்டடத்துக்குங்க" என்றேன்.

"அப்ப கெட்டியா எடுத்துக்கங்க. தேயவே தேயாது."

தலையாட்டினேன். கெட்டி டயர் ஏறிவிட்டது. அதுதான் வளைவில் தரையைப் பிடிக்காமல் வழுக்கியது.

மைதானத்தில் இவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஒரு கீறல் இல்லை. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"டயர் பிடிக்கவே இல்ல புள்ள. பாய்கிட்ட ரேஸுக்குன்னு சொன்னியா, இல்லியா?"

"இல்லீங்க... வெக்கமா இருந்துச்சுங்க. நீங்களே வந்து சொல்லியிருக்கலாமல்லங்க?"

அவர் ஹெல்மெட்டுக்குள் எதையோ தேடினார். "எனக்கு மட்டும் வெக்கமா இருக்காதா? அதுக்குத்தான உன்னைய அனுப்புனேன்."

முப்பது வருசமாக இந்த ஊட்டில் வெட்கம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பங்குக்கு ஆள் இருக்கிறது!

மறுநாள் இரண்டு பேருமாக பாய் கடைக்குப் போனோம். தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னோம்.

"அடடா, மொதல்லயே சொல்லியிருந்தா ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு போட்டுக் குடுத்திருப்பனுங்களே! தெனமும் ஓட்டலாம், எப்பவாச்சும் ரேஸும் போலாம்" என்றார் பாய்.

"இப்ப மாத்திரலாங்களா?" என்றார் இவர், ஆசையாக.

"புது டயரை எதுக்குங்க கழட்டோணும்? இது தேயட்டும், அப்புறம் பாக்கலாம். அதுவரைக்கும் ரேஸ் வளைவுப் பக்கம் போயிராதீங்க அண்ணா!"

அன்றிலிருந்து இவருக்கு ஒரே வேலை. மூட்டை இருக்கிறதோ இல்லையோ, குண்டடத்துக்கு ஒரு நடை. கணியூரில் யாரோ கூப்பிட்டார்களாம், அதற்கு ஒரு நடை. எல்லாம் டயரைத் தேய்க்கத்தான்... எனக்குத் தெரியாதா?

பொழுது சாய அவர் குளிக்கப் போனதும், நான் காருக்குப் பக்கத்தில் குத்தவைத்து நாலு டயரையும் தடவிப் பார்க்கிறேன்.

துளிகூடத் தேயவில்லை. என் விரல் இத்தனை சந்தோஷப்பட்டு ரொம்ப நாளாச்சுங்க – அதை அவரிடம் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.