அந்த நடிகர் இந்த எண்ணில் இல்லை

பிழை செய்தவருக்கு எட்டாத ஏச்சைச் செய்யாதவர் காதில் வாங்கி, வாங்கியதற்கு நன்றியும் கூறி விடைகொடுப்பதே வாடிக்கையாளர் சேவை எனப்படும் தொழில். வங்கிக் கவுண்டரிலோ, ரயில் நிலைய விசாரணைச் சாளரத்திலோ, பள்ளி அலுவலகத்திலோ அமர்ந்து பிறர் பிழைக்குத் தலைகுனிந்திருக்கும் அன்பர்களுக்கு இதனை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. நாம் அனைவரும் ஒரே பந்தியில் உண்டவர்கள்.

பணி ஓய்வுக்குப் பின் மகன் குடும்பத்தோடு வாழ ஹைதராபாத் வந்து, சைனிக்புரியில் குடியேறியவன் நான். விடியலில் நீராடிப் பக்திப் பனுவல்களை ஓதி முடித்தால், அதன்பின் பகற்பொழுது கடல்போல் கிடக்கும். உப்பலில் குழந்தைகளுக்கான கார் இருக்கை விற்கும் கம்பெனி ஒன்று, தமிழ்நாட்டிலிருந்து வரும் அழைப்புகளை ஏற்கத் தமிழ் பேசுவோரைத் தேடியபோது, கரை கிடைத்ததென்று போய்ச் சேர்ந்தேன். தமிழுக்கென்று அங்கே இருவர்தாம்: நானும் ஸ்டெல்லாவும். ஸ்டெல்லா மௌலா அலி ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர், முப்பது வயதிருக்கும், அவருடைய தமிழில் தெலுங்கும் உருதுவும் தாராளமாகக் கலந்திருக்கும். முதல் நாள், தங்கள் அழைப்பால் அகமகிழ்ந்தோம், குறையைக் கூறியருள்க என்று நான் பேசியதை அருகிலிருந்து கேட்டவர், அழைப்பு முடிந்ததும் மெல்லச் சொன்னார்: “நக்கோ, வேணாம் அங்கிள். இப்படிப் பேசினா, தப்பாக் கோயிலுக்குப் போன் போட்டுட்டோம்னு கஸ்டமர் வச்சுடுவாங்க.”

எழுதிக் கொடுத்தனுப்பிய ஏச்சு

எங்கள் விளம்பரத்தின் முகம் ஒரு தெலுங்கு நடிகர். அவருடைய படங்கள் தமிழில் பேசிக்கொண்டு தமிழ்நாட்டின் சிற்றூர்கள் வரை போயிருக்கின்றன. விளம்பரத்தில் அவர் ஒரு சிறுமியை எங்கள் இருக்கையில் அமர்த்தி, வாரை மாட்டி, நெற்றியில் முத்தமிடுவார். கீழே எங்கள் தொலைபேசி எண் ஒளிரும். அந்த மனிதர் ஒரு ஞாயிறன்று தம் சொந்தக் காரில், நகருக்கு வெளியே உள்ள அகன்ற சாலையில், மூன்று வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு, அவளுடைய பிஞ்சுக் கைகளில் ஸ்டியரிங்கை ஒப்படைத்துவிட்டுத் தாம் கைதட்டி மகிழ்ந்தார். அந்தக் காட்சியைப் பெருமையோடு தாமே இணையத்தில் வெளியிடவும் செய்தார். குழந்தைக்கு ஒரு கீறலும் இல்லை. ஆயினும் கண்டவர் நெஞ்சமெல்லாம் பதறியது. பதறிய நெஞ்சம் யாரையாவது கேட்டே ஆக வேண்டும். அவருடைய எண் எவருக்கும் தெரியாது. எங்கள் எண் எல்லோருக்கும் தெரியும்.

திங்கள் காலை முதல் அழைப்பு மதுரைப் பக்கத்து அம்மையார் ஒருவருடையது. போனை அவனிடம் கொடு என்றார். அந்த நடிகர் இந்த எண்ணில் இல்லை, அம்மா என்றேன். அவன் முகத்துக்குக் கீழேதானே இந்த நம்பரைப் போட்டிருக்கிறீர்கள் என்று மடக்கினார். இறுதியில், தாம் சொல்வதை எழுதியாவது கொடுத்தனுப்ப வேண்டும் என்று இறங்கி வந்தார். எழுதினேன். எழுதத் தகாத சொற்கள் வந்தபோது பேனாவை நிறுத்தினேன்; நிறுத்தியதை எப்படியோ அறிந்து, விட்டதையும் சேர்க்கச் சொன்னார். எல்லாம் முடிந்து மூச்சு வாங்கியபின், குரல் தணிந்து ஒன்று கூறினார்: “அப்படியே, பிள்ள பயந்துருச்சா, சாப்பிட்டுச்சான்னும் கேட்டு எழுதிக்கங்க.”

நாற்பதில் போனவர்

மறுநாள் மேலிடத்திலிருந்து ஒரு பதில் எழுதி வந்தது. அது நடிகரின் தனிப்பட்ட செயல், கம்பெனிக்குக் குழந்தைகளின் பாதுகாப்பே முதன்மை, அழைத்தமைக்கு நன்றி. இம்மூன்று வாக்கியங்களுக்கு மேல் எவரும் பேசலாகாது என்பது உத்தரவு.

அன்றே அதை மீற நேர்ந்தது. திருப்பூர் அன்பர் ஒருவர், அவனெல்லாம் ஒரு தகப்பனா என்று தொடங்கி, மூச்சுவிடாமல் பொழிந்துகொண்டிருந்தார். அவர் குரலுக்குப் பின்னே காற்று இரைந்தது, நடுநடுவே ஹாரன்கள். திடீரென்று மிக அருகில், “அப்பா, பஸ்ஸு” என்றது ஒரு மழலை. எங்கிருந்து பேசுகிறீர்கள் ஐயா என்று கேட்டேன். பைக்கில், காதில் இயர்போனுடன், மகளைப் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்துப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறாராம். தயவுசெய்து ஓரமாக நிறுத்துங்கள் என்றேன். நிறுத்தினார், காற்றும் அடங்கியது. பிறகு மனம் புண்பட்டவராய்ச் சொன்னார்: “அவன் நூத்திருவதுல போனானுங்க. நான் நாப்பதத் தாண்டலீங்களே.”

பெற்றவள் எங்கே

நான் ஓதும் பனுவல்களில் இறைவனைக் குழந்தையாக்கிப் பாடும் மரபு ஒன்று உண்டு. அதன் முதற்பகுதி காப்பு. உலகனைத்தையும் காப்பவனையே ஒரு சிறு பிள்ளையாக எண்ணி, இதற்கு ஒரு தீங்கும் வராமல் காத்தருள்க என்று, மற்றத் தெய்வங்களையெல்லாம் புலவர் பெயர் சொல்லிக் கூவி அழைப்பார். நாள் முழுதும் ஏச்சு வாங்கிய எனக்கு அந்த மரபே ஆறுதலாயிற்று. முன்பின் அறியாத ஒரு குழந்தைக்காக இத்தனை ஊர்களிலிருந்து குரல் எழுகிறதே. இதுவும் ஒருவகைக் காப்புத்தான், சொற்கள் மட்டும் சற்றுக் கரடுமுரடு என்று தேறிக்கொண்டேன்.

அந்தத் தேறுதலைச் சோதிப்பதற்கென்றே கும்பகோணத்திலிருந்து ஒரு பெரியவர் அழைத்தார். கைதட்டியவர் தந்தை; பெரியவரின் ஏச்சோ முழுவதும் தாய்க்கு. அவர் மட்டுமல்லர், பெற்றவள் எங்கே போனாள் என்று கேட்டவர்கள் பலர். காரில் அந்த அம்மையார் இருந்ததாகவே தெரியவில்லையே என்று பணிவுடன் எடுத்துரைத்தேன். பெரியவர் ஒரு கணமும் தயங்கவில்லை: “இல்லாததுதான் ஸ்வாமி தப்பு.”

ஸ்டெல்லாவின் காலை

ஸ்டெல்லாவுக்கு ஜோயல் என்று நான்கு வயது மகன். கணவருக்குக் காஜிப்பேட்டையில் வேலை, ஞாயிறுதான் வீடு. இருவர் சம்பளமும் இல்லாமல் அந்தக் குடும்பம் நடவாது. எங்கள் பணி எட்டு மணிக்குத் தொடங்கும். ஜோயலைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் வழியில் நாச்சாரத்தில் இருக்கிறது. அந்த நேரத்துப் பேருந்து வந்தால் வரும், இல்லையேல் இல்லை. ஆகவே, ஸ்கூட்டரின் முன்புறம் பிள்ளையை நிற்க வைத்து, அவன் கைப்பிடியைப் பற்றிக்கொள்ள, ஸ்டெல்லா தினந்தோறும் வருவார். நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். எவரும் ஒன்றும் கேட்டதில்லை.

அந்த வாரம் அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. நடிகரை ஏசிக்கொண்டிருந்த ஒரு பெண், உனக்கென்று ஒரு பிள்ளை இருந்தால் இப்படி எழுதி வைத்ததை ஒப்பிப்பாயா என்று அவரிடம் கேட்டுவிட்டார். ஸ்டெல்லா மூன்று வாக்கியங்களையும் பிசகாமல் சொல்லி, நன்றியும் கூறி முடித்தார். பிறகு மைக்கை அணைத்துவிட்டு, என்னைப் பாராமல் கணினித் திரையைப் பார்த்தபடி சொன்னார்: “இருக்கு அங்கிள். இன்னைக்கும் முன்னாடி நிக்க வச்சுத்தான் கொண்டாந்து விட்டேன். பிரேக் போடுறப்ப முட்டியால அவன இறுக்கிப் பிடிச்சுக்குவேன். அவ்ளோதான் என் சீட் பெல்ட்டு.”

நாச்சாரம் சிக்னல்

அடுத்த வாரமே, நாச்சாரம் சிக்னலில் பின்னால் நின்ற காரிலிருந்து யாரோ ஒரு படம் எடுத்தார்கள். ஸ்டெல்லாவின் முதுகு அதில் தெளிவாக இருந்தது. முதுகில் கம்பெனிச் சட்டை. சட்டையில் வார் மாட்டிய குழந்தையின் சின்னமும் எங்கள் எண்ணும். பக்கவாட்டில் தலையை நீட்டி ஜோயல் சிரித்துக்கொண்டிருந்தான். முதலாளியின் நடிகர் காரில், முதலாளியின் ஊழியர் ஸ்கூட்டரில் என்று எழுதி அதை இணையத்தில் விட்டார்கள். விடிவதற்குள் ஊரெல்லாம் பரவியது.

மேலாளர் தெலுங்கர்; நல்லவர்; மேலிடத்துக்கு அஞ்சுபவர். ஸ்டெல்லாவை அறைக்குள் அழைத்து, கம்பெனியின் பெயர் கெட்டுவிட்டதென்றும், அவரை வைத்துக்கொள்வதா நீக்குவதா என்று மாலைக்குள் தாம் பதில் சொல்ல வேண்டுமென்றும் கூறினார். நடிகரின் ஒப்பந்தம் பற்றி மேலிடம் இன்னும் ஆலோசித்துக்கொண்டுதான் இருந்தது. ஸ்டெல்லாவுக்கு மாலைவரைதான் தவணை. அதுவரை அழைப்புகளையும் அவர் எடுத்தாக வேண்டும், ஏனெனில் என் ஒருவனால் ஆகாது. திரும்பி வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டவர் சொன்னார்: “சாயந்திரம் புள்ளையத் திரும்பக் கூட்டிட்டுப் போகணும்ல அங்கிள். அதே ஸ்கூட்டர்லதான் போகணும். அதுக்கு என்னா பதில் எழுதிக் குடுப்பாங்களாம்?”

அது நான்தான்

பிற்பகலில் ஸ்டெல்லாவுக்கு ஓர் அழைப்பு. திருநெல்வேலித் தமிழ், நடுவயதுப் பெண்குரல், அடுத்த நாற்காலியிலிருந்த எனக்கே தெளிவாகக் கேட்டது. அந்த ஸ்கூட்டர்க்காரியை இன்னுமா வேலையில் வைத்திருக்கிறீர்கள், அவளுக்கெல்லாம் எதற்குப் பிள்ளை என்று கேட்டுக்கொண்டே போனார். ஸ்டெல்லா, அது ஊழியரின் தனிப்பட்ட செயல் என்று தொடங்கி, பாதியில் நின்றார். பிறகு, “அது நான்தான் மேடம்” என்றார்.

அதன்பின் எதிர்முனைக் குரல் எனக்குக் கேட்காத அளவுக்குத் தணிந்திருந்தது. ஸ்டெல்லாவின் விடைகள் மட்டும் என் காதில் விழுந்தன. நாலு வயசு மேடம். எட்டு மணிக்கு மேடம். பஸ்ஸை நம்ப முடியாது மேடம். வீட்டில் வேறு யாரும் இல்லை மேடம். பேச்சு நெடுநேரம் நீண்டது. முடிந்தபின், அந்த அம்மையார் முதலில் என்ன கேட்டார் என்று விசாரித்தேன். ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் பேசியவாறே பேசிக் காட்டினார்: “பிள்ளைக்கு இது தூங்குத நேரமாச்சே, அங்க யாரு பாத்துக்கிடுதா?”

ஐந்து என்ற எண்

எங்கள் அழைப்புகளெல்லாம் பதிவாகும். முடிவில் ஓர் இயந்திரக் குரல், சேவைக்கு ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண் அழுத்தும்படி வேண்டும். நடிகர் கைதட்டிய நாள்முதல் அழைத்தவரெல்லாம் ஒன்றை அழுத்தினார்கள், அல்லது அழுத்துவதற்குமுன் வைத்தார்கள். திருநெல்வேலி அம்மையார் ஐந்தை அழுத்தியிருந்தார். மேலாளரின் கணினி அதை அவருக்குத் தெரிவித்தது. தமிழ் அறியாத அவர் என்னை அழைத்து, பதிவை ஓடவிட்டு, மொழிபெயர்க்கச் சொன்னார். எனக்குத் தெரிந்த தெலுங்கிலும் தெரியாத ஹிந்தியிலும் சொல்லிக்கொண்டே போனேன். அது நான்தான் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, மீண்டும் ஒருமுறை கேட்டார். பதிவின் கடைசியில் அந்த அம்மையார் ஸ்டெல்லாவுக்குப் புத்தி சொன்னார்: வேலையை விட்டுவிடாதே, போய் நேரத்தை மாற்றிக் கேள்.

மேலாளர் கதவைச் சாத்திக்கொண்டு மேலிடத்தோடு பேசினார். கண்ணாடி வழியே அவர் கை வீசுவது தெரிந்தது. எங்களுக்கு வேலை ஓடவில்லை. ஸ்டெல்லாவுக்காக நானும் மனத்துக்குள் காப்பு ஓதினேன். மேலாளர் வெளியே வந்து முடிவைக் கூறினார். ஸ்டெல்லா இருக்கலாம், இனி ஒன்பதரைக்கு வந்தால் போதும், பிள்ளையை ஸ்கூட்டரில் நிற்க வைப்பது கூடாது, இன்று இருவரையும் கம்பெனிக் காரே வீட்டில் விடும். சட்டை முதுகிலிருந்து எண்ணை நீக்குவதென்றும் முடிவாகியிருந்தது. பிறகு, இதை நீ முன்பே கேட்டிருந்தால் அப்போதே மாற்றியிருப்பேனே அம்மா என்று தெலுங்கில் வருந்தினார். ஸ்டெல்லாவும் தெலுங்கில்தான் சொன்னார், அதன் தமிழ் இது: “கேட்டா, வேலை வேணாம்னு சொல்றேன்னு எடுத்துப்பீங்களோன்னு பயந்தேன் சார்.”

மெள்ள வரட்டும்

நடிகர் மகளின் தலையை வருடியபடி ஒரு காணொளியில் மன்னிப்புக் கேட்டார். அவர் குரல் நடுங்கியதை நான் நம்பினேன். பெருமிதத்தில் கண் மறைந்துபோன தந்தையாகவே அவர் எனக்குத் தோன்றினார். ஏச்சுகள் ஓய்ந்து, வார் கழலவில்லை, உறையைத் துவைக்கலாமா என்னும் பழைய கேள்விகள் திரும்பின. ஸ்டெல்லாவும் ஜோயலும் பேருந்தில் வரத் தொடங்கினார்கள். நாச்சாரத்தில் பிள்ளையை விட்டு, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் உப்பல் சேர்வதற்குள் ஒன்பதரை பெரும்பாலும் கடந்துவிடும். மேலாளர் ஒன்றும் சொல்வதில்லை. சுவர்க் கடிகாரத்தை மட்டும் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். ஸ்கூட்டரை இழந்த கோபத்தில், காப்பக வாசலில் ஜோயல் தாய்க்குக் கையசைப்பதையே நிறுத்திவிட்டானாம்.

அப்படியொரு காலையில் திருநெல்வேலி அம்மையார் மீண்டும் அழைத்தார். குறை எதுவும் இல்லை, அந்தப் பெண்ணிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார். இன்னும் வரவில்லை அம்மா, இப்போதெல்லாம் பேருந்தில் வருவதால் தாமதம், மேலாளரும் மணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றேன். அவர் சொன்னார்: “மணியப் பாக்காண்டாம்னு அவர்ட்ட சொல்லுங்க சார். பிள்ள உக்காந்துதான வாரான்? மெள்ள வரட்டும்.”

நலம் விசாரிப்பதற்கென்று தனி எண் எந்தக் கம்பெனியிலும் இல்லாத காரணத்தால் நம் மக்கள் புகார் எண்ணை அழைத்து ஏசிவிட்டுப் போகிறார்கள் என்பதே, இத்தொழிலில் இதுகாறும் ஏச்சு வாங்கி நான் தெரிந்துகொண்டது.