முப்பத்தாறு நாட் காற்றும் என் மச்சானும்

என் அக்கா திவ்யாவின் புருஷன் அழகுபாண்டியை ஊரில் ‘காத்து ஆபீசர்’ என்பார்கள். மதுரை விமான நிலையத்தில் வானிலைப் பிரிவில் வேலை. காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது, வேகம் எத்தனை நாட் (ஒரு நாட் என்றால் மணிக்குக் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர்), திடீர் வீச்சு எவ்வளவு என்று பார்த்துக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்ல வேண்டும். திருநகர் வீட்டு மொட்டைமாடியில் காயும் வேட்டியைப் பார்த்தால்கூட “பதினஞ்சு நாட் இருக்கும்” என்பார். ஆள் கொஞ்சம் அறுவைதான்.

போன ஆடியில் அவர் மகளுக்குக் காதுகுத்து. செக்கானூரணிப் பக்கம் குலதெய்வக் கோயில், பன்னிரண்டு மணிக்குள் நல்ல நேரம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் நான். தோடும் என் பையில்தான். சென்னையிலிருந்து காலை விமானத்தில் வந்தேன். கூட வேலை பார்ப்பவருக்குக் காய்ச்சல் என்பதால் மச்சானுக்கு அன்று லீவு இல்லை. நான் இறங்கும் நேரத்தில் அவருடைய ஷிப்ட் முடிந்துவிடும், இருவரும் பைக்கில் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு.

ஆடிக்காற்று ஓடுபாதைக்குக் குறுக்கே அடித்தது. நூற்றெண்பது பேர் உட்காரும் விமானம் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கியது. என் ஜன்னலில் ஓடுபாதை தெரிந்தது. அது அங்கே தெரியவே கூடாது. தரைக்கு வெகு அருகில் விமானி மூக்கை நேராக்கியபோது ஒரு வீச்சு இறக்கையைத் தூக்கியது. மறுநொடி இரைச்சலோடு மேலே கிளம்பிவிட்டோம். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. பக்கத்து சீட்டுக்காரரின் கையை இறுக்கிப் பிடித்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

நாங்கள் மேலே வட்டமடித்த நேரத்தில் கீழே நடந்ததை அக்காவே பிறகு சொன்னாள். விமானம் சுற்றுவதைப் போனில் ஒரு ஆப்பில் பார்த்துவிட்டு மச்சானைக் கூப்பிட்டிருக்கிறாள்.

“ஏங்க, நீங்கதான காத்தச் சொல்றீங்க? கொஞ்சம் கொறச்சுச் சொல்லுங்க, தம்பி எறங்கிருவான். நேரம் போகுது.”

“வையி போன” என்றிருக்கிறார்.

வீச்சு முப்பத்தாறு நாட் என்று சொல்லிவிட்டார். விமானிக்கு அது எல்லை தாண்டிய கணக்கு. அதனால் விமானி திருச்சிக்குத் திருப்பிவிட்டார்.

அங்கே இறங்கி, கார் பிடித்து, கோயிலுக்கு வந்து சேரும்போது மணி மூன்று. மொட்டைத் தலையோடு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. வேறு யார் மடியிலும் வைக்க அக்கா சம்மதிக்கவில்லை. பைக்கில் முன்பே வந்துவிட்ட மச்சானோடு பேசவும் இல்லை. “மாமன் வந்த நேரந்தாம்மா நல்ல நேரம்” என்றார் பூசாரி மலையாண்டி. பிள்ளை என் மடியில் உட்கார்ந்து ஊரே கேட்க அழுதது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பந்தியில் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

“மச்சான், நான் உள்ள இருக்கேன்னு தெரிஞ்சுதான சொன்னீங்க?”

“தெரியும் மாப்ள. அதான் ரெண்டாந்தடவையும் மீட்டரப் பாத்துட்டுச் சொன்னேன்.”

கறிக்குழம்பு வாளியோடு வந்த அக்கா அப்படியே நின்றாள். பிறகு என் இலையைத் தாண்டிப் போய், அவர் இலையில் முதலில் ஊற்றினாள்.