பெரிய வெள்ளியா, திங்களா

கியூபெக்கில் இருந்த எங்கள் வீட்டில் பிரெஞ்சு மொழிக்கு நான்தான் அதிகாரி. பள்ளிக்கூடத்து அறிவித்தல், மின்சாரக் கட்டணக் கடிதம், கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகும் பீட்சாக் கடை விளம்பரம், எல்லாம் என்னிடம் வந்துதான் போகும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் போன்சூர் என்ற வணக்கத்துக்கும் மெர்சி என்ற நன்றிக்கும் அப்பால் ஒன்றும் தெரியாது என்பது என் முடிவு. எனக்கு அப்போது பத்து வயது. இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ. பத்து வயதில் அதிகாரம் கைக்கு வந்தால் மனுசர் எப்படிக் கெட்டுப்போவார்கள் என்பதற்கு நானே சாட்சி.

அப்பா லாசாலில் காட்போட் பெட்டி செய்யும் தொழிற்சாலையொன்றில் வேலை செய்தார். சனி, ஞாயிறுகளில் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி இறக்குவார். ஞாயிறு பின்னேரம் தமிழ்ப் பூசை. ஆகவே அப்பாவுக்கு லீவு என்றால் அரசாங்கம் பார்த்துக் கொடுக்கிற ஏழெட்டு நாட்கள்தான். அதில் ஒரு நாள் எனக்கு நீச்சல் பழக்குவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அவர் மன்னார்க் கடலில் வளர்ந்தவர். நானோ, வகுப்பில் எல்லோரும் ஆழத்துக்குப் போனபிறகும் இடுப்பளவு தண்ணீரில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரே பிள்ளை. டிசம்பரில் நத்தார் லீவு எனக்கு வந்த காய்ச்சலில் போயிற்று. புதுவருட லீவில் அப்பா நாள் முழுக்க நித்திரை கொண்டார்.

அந்த வருடத் தவக்காலத்தில் அப்பாவுக்கு ஒரு பெருமை வந்து சேர்ந்தது. பெரிய வெள்ளியன்று இயேசுவின் பாடுகளை ஒப்பாரி போல இழுத்துப் பாடுகிற வியாகுலப் பிரசங்கம் எங்கள் சனத்துக்கு மிக முக்கியம். வழமையாகப் பாடுகிறவர் டொரன்டோவுக்குக் குடிபோய்விட, நாலு வருடம் காத்திருந்த அப்பாவுக்கு முறை வந்தது. வேலையால் வந்ததும் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு பாடிப் பழகுவார். மூன்றாம் நாள், மேல்மாடியில் தனியாக இருந்த வெள்ளைக்கார அம்மா பூங்கொத்தோடு வந்து கதவைத் தட்டி, எங்கள் துயரத்தில் தானும் பங்குகொள்வதாகச் சொன்னார். செத்தவர் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பு செத்தவர் என்று விளங்கப்படுத்த என் பிரெஞ்சு போதவில்லை. அம்மா மெர்சி சொல்லிப் பூவை வாங்கி மாதா படத்துக்கு வைத்தார்.

பெரிய வெள்ளி என்றால் லீவுதானே என்று அப்பா இருந்துவிட்டார். ஆனால் கியூபெக்கில் பெரிய வெள்ளி, உயிர்த்த ஞாயிற்றுக்கு அடுத்த திங்கள், இரண்டில் எந்த நாளில் வேலைத்தலத்தைப் பூட்டுவது என்று முதலாளி தீர்மானிக்கலாம். அதற்கு முந்திய வருடங்களில் அவர் வெள்ளியைத்தான் கொடுத்திருந்தார். அந்த வருடம் என்ன நினைத்தாரோ, வேலையாட்களையே கேட்போம் என்று ஆளுக்கொரு தாள் கொடுத்துவிட்டார். மேலே ஒரு பந்தி பிரெஞ்சு. கீழே வெள்ளிக்கு ஒரு பெட்டி, திங்களுக்கு ஒரு பெட்டி.

"பிள்ளை, எந்த நாள் லீவு வேணும் எண்டு கேட்டிருக்கினமாம்," என்று அப்பா தாளை என் முன்னால் வைத்தார். "பெரிய வெள்ளிக்குப் புள்ளடி போட்டுத் தா."

பள்ளிக்கூடம் இரண்டு நாளும் பூட்டு. வெள்ளி என்றால் கஞ்சி, தொலைக்காட்சி இல்லை, சிரிக்கக் கூடாது, அப்பா நாள் முழுக்கக் கோயிலில். திங்கள் என்றால் அப்பா எனக்கு மட்டும். கணக்குப் பெரிதாக இல்லை. நான் திங்களுக்குப் புள்ளடி போட்டேன்.

அப்பா தாளை வாங்கிக் கனநேரம் பார்த்தார்.

"வடிவாப் பாத்துத்தான் போட்டனியோ?"

"ஓம் அப்பா."

"சரி," என்று நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். என் புள்ளடியின் அழகை ரசிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த கிழமை முடிவு வந்தது. திங்கள். நாற்பது பேர் வேலை செய்கிற இடத்தை என் ஒற்றைப் புள்ளடி புரட்டிப்போட்டுவிட்டதாக நம்பினேன். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற அம்மாவுக்கு எந்தப் பண்டிகைக்கும் லீவு கிடையாது. அந்தக் கோபமும் சேர்ந்து வந்தது.

"கர்த்தர் செத்த நாளிலை வேலையோ? நீங்கள் வெள்ளியெண்டுதானே போட்டனீங்கள்?"

அப்பா சோற்றைப் பிசைந்தபடி, "கனபேர் திங்கள் எண்டு போட்டா என்ன செய்யிறது," என்றார். நான் சோற்றுக் கோப்பையை விட்டுத் தலை நிமிரவில்லை.

பெரிய வெள்ளி பின்னேரம் வேறொருவர் பாடினார். நல்ல மனிதர், ஆனால் சுருதிக்கும் அவருக்கும் பழக்கமில்லை. பாதியில் திரும்பிப் பார்த்தேன். வேலை உடுப்போடு அப்பா கோயிலின் கடைசி வாங்குக்குப் பின்னால் நின்றார். பாடுகிறவர் வாய் திறக்க முன்னமே அவருடைய உதடு அடுத்த வரியைச் சொல்லிக்கொண்டிருந்தது. விக்கி விக்கி அழுதேன். பக்கத்திலிருந்த பெண்கள் இந்த வயதில் இவ்வளவு பக்தியா என்று அம்மாவிடம் மெச்சினார்கள். அம்மாவும் மறுக்கவில்லை.

திங்கள் காலை நீச்சல் உடுப்பை உள்ளே போட்டு, மேலே குளிர்க் கோட்டும் போட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நகரசபையின் நீச்சல் தடாகத்துக்குப் போனேன். தெருவோரம் அழுக்குப் பனி இன்னும் குவிந்து கிடந்தது. நான் சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்த நேரம் அப்பா கதவடிக்குப் போய்விட்டார். கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

"திங்கள் பூட்டாம் பிள்ளை," என்றார். "செவ்வாய்தான் திறப்பினமாம்."

களவெடுத்த லீவு கைக்கு வந்த பிறகு இப்படி ஆகிவிட்டதே என்று வீதியிலேயே நின்று அழுதேன். அப்பா என்னைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய் ஒரு மர வாங்கில் குப்புறப் படுக்கவைத்தார். கோட்டோடு கையை வீசச் சொல்லி, காலை அடிக்கச் சொல்லி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றார். "மூச்சை விடு. இனி இழு. அவசரப்படாதை." நாய் கொண்டு போனவர்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வெட்கமே வரவில்லை. அதைப்போல ஒரு லீவு நாள் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

கதவில் ஒட்டியிருந்த தாள் முழுக்கப் பிரெஞ்சு. ஆறு வருடமாகத் தொழிற்சாலைச் சுவரில் பிரெஞ்சிலிருந்த வேலை அட்டவணையைப் பார்த்து வேலைக்குப் போனவருக்கு, வேறொன்றும் தெரியாவிட்டாலும் கிழமை நாட்களின் பெயர் தெரியாமல் இருக்குமா என்று யோசிக்க, நானே சம்பளம் வாங்கும் வயது வரவேண்டியிருந்தது. அன்றைக்கு, வாங்கில் குப்புறக் கிடந்து கையை வீசிக்கொண்டு, அப்பாவை ஏமாற்றியது அப்பாவுக்குத் தெரியவரக் கூடாது என்று மனதுக்குள் செபித்துக்கொண்டிருந்தேன்.