கல்யாணத்தில் பேச வேண்டிய இரண்டு வரி

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. எங்கள் ஒரே மகள். அவள் கட்டிக்கொள்ளப்போகும் சீனப் பையன். அவனுடைய அம்மா. அவனுடைய அப்பா.

கல்யாண விருந்தில் யார் பேசுவது என்று பேச்சு வந்தது. பெண்ணின் அப்பா இரண்டு வரி பேச வேண்டும் என்று பையன்தான் சொன்னான். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலத்தில் பேச வேண்டும். நான் லாரி ஓட்டுகிறவன். படிப்பு ஆறாவதோடு சரி. ஆனாலும் பேச ஆசையாக இருந்தது.

பையனின் அம்மா தன் மகன் 'டிரைவ் வெரி கேர்ஃபுல்' என்றார். மகள் தலையாட்டினாள். என் மகள் 'சிங் வெரி நைஸ்' என்றேன் நான்.

"நைஸ்லி, அப்பா," என்றாள் மகள். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்கள் போன பிறகு, அந்த அம்மாவும் அப்படித்தானே சொன்னார் என்று கேட்டேன்.

"அவங்க சொன்னா அது சும்மா பேச்சு வழக்கு. நீங்க சொன்னா படிக்காதவர்னு தெரிஞ்சிடும்."

வேலை செய்கிற விதத்தைச் சொன்னால் பின்னால் 'லி' போட வேண்டும் என்றாள். ஸ்லோ இல்லை, ஸ்லோலி. பிடித்துக்கொண்டேன். ஜாலான் புசார் கடைத்தெருவில் சரக்கு இறக்கும்போதும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

ஒரு நாள் சாப்பாட்டு மேசைப் பக்கம் நின்று பேசிக்காட்டினேன். 'மை டாட்டர் லுக் பியூட்டிஃபுலி. ஐ ஃபீல் ஹேப்பிலி.'

அவள் ஃபோனை எடுத்தாள். பையனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். அந்தப் பக்கம் அவன் சிரித்தான். அவனுடைய அம்மா சிரித்ததும் கேட்டது.

"லி கிடைச்சிருச்சு, எல்லாத்துலயும் ஒட்டிட்டாரு லா," என்று என் மனைவியிடம் சொன்னாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். லுக், ஃபீல் வந்தால் லி கிடையாதாம். "நான் அழகா இருக்கிறதைத்தானே சொல்றீங்க, நான் பார்க்கிற விதத்தை இல்லையே" என்றாள். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நீங்க பேச வேணாம்பா. சும்மா நின்னு சிரிங்க. அது உங்களுக்கு நல்லா வருது."

மனைவி தட்டைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

விருந்தன்று எனக்கு முதல் மேசை. புதுச் சட்டை. மாப்பிள்ளையின் அப்பா பேசினார். மகளின் மேலதிகாரி பேசினார். மாப்பிள்ளையின் தம்பி பேசினான். ஒவ்வொருவருக்கும் கை தட்டினேன்.

மேடையில் பேசியவர்கள் மூன்று பேர்.