பொய் மீனை ஆழத்தில் ஓட்டப் போய் என் மீசையை இழந்த கதை

ஓடும் படகின் பின்னால் பொய் மீனை இழுத்துப் பெரிய மீன் பிடிப்பது எப்படி, அதை மேலே வராமல் ஆழத்தில் ஓட வைப்பது எப்படி என்று போன பதிவின் கீழே இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இந்த விஷயத்தில் என் அனுபவம் மொத்தம் ஒரே ஒரு நாள். ஆனால் அந்த ஒரு நாளில் நான் படாத பாடு பட்டிருக்கிறேன். அதனால் சொல்கிற உரிமை எனக்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

1992, மார்ச் மாதம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன யூனிட்டில் நான் டர்னர், லேத் ஓட்டுகிறவன். வயது இருபத்தேழு. வீட்டில் மும்முரமாகப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன் இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது; இரண்டு வீட்டிலும் "பையன் பார்க்க ஸ்கூல் படிக்கிற மாதிரி இருக்கான்" என்று சொல்லிவிட்டார்கள். அதற்காகவே ஒரு வருஷம் கஷ்டப்பட்டு மீசை வளர்த்தேன். நல்ல அடர்த்தி. அந்த மீசையோடு எடுத்த போட்டோ குத்தம்பாக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். பெண் நேரில் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லுமாம்.

இந்த நிலைமையில் புத்தி உள்ளவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பான். நான் கேன்டீனில் பொய் மீனைக் காட்டிப் பெருமை அடித்தேன். மலேசியாவிலிருந்து வந்த உறவினர் கொடுத்த ஒன்றைப் பார்த்து நானே லேத்தில் கடைந்தது அது. தேக்குக் கட்டையில் ஒரு சாண் நீளம், வயிற்றில் தூண்டில் முள். வாய்க்குக் கீழே சாய்வாக ஒரு ஸ்டீல் தகடு. இழுக்கும்போது தண்ணீர் தகட்டில் மோதி மீனைக் கீழே அழுத்தும் என்பது கணக்கு. மில்லிங் மெஷின் சேகர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வாளை மீனு அடில கீது மாமே. உன் கட்ட மேலயே மெதந்துகினு போவும். எங்க மாட்டறது?" என்றான். எனக்குச் சுருக்கென்று வந்தது. ஓடும் படகிலிருந்து இந்தப் பொய் மீனிலேயே ஒரு வாளை பிடிக்கிறேன், இல்லையென்றால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று இருபது பேர் முன்னால் சொல்லிவிட்டேன்.

சாட்சிக்கு அந்தோணியை அனுப்புவது என்று முடிவாயிற்று. அந்தோணி எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் ஆள், என் நெருங்கிய நண்பன். ஆனால் சட்டைப் பையில் வெர்னியர் அளவுகோல் இல்லாமல் கோயிலுக்குக்கூடப் போகமாட்டான். ஒரு நூல் அளவு கூடினாலும் அப்பன் செய்த பீஸைக்கூட ரிஜெக்ட் செய்கிற ரகம். சேகர் பந்தயத்தைச் சொல்லச் சொல்ல, அவன் அதை நோட்டில் எழுதி என்னிடம் கையெழுத்தும் வாங்கினான்.

எங்கள் யூனிட்டுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. காலை 5.50க்கு அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி 6.05க்கு ஆவடியில் இறங்கினோம். அங்கிருந்து பூந்தமல்லிக்கு ஒன்பது கிலோமீட்டர், பஸ்ஸில் ஒன்றரை ரூபாய். பூந்தமல்லியில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் ஏறி, செம்பரம்பாக்கத்தில் இறங்கும்போது 7.45. தூண்டில் பையைப் பார்த்த கண்டக்டர், "மீனு மாட்னா டபுள் டிக்கெட்டு" என்றார். சிரிக்கும் நிலையில் நான் இல்லை.

ஏரி மீன் குத்தகைக்காரரிடம் முன்பே அனுமதி கேட்டிருந்தேன். அரை நாளைக்கு நாற்பது ரூபாய் பேசி, துடுப்பு போட ஒரு படகுக்காரரையும் அனுப்பியிருந்தார். பெயர் கன்னியப்பன். எங்கள் வயதுதான் இருக்கும். பொய் மீனை வாங்கி முதலில் மோந்து பார்த்தார்.

"இன்னா சார், லேத்து எண்ண நாறுது?"

அதை எங்கள் மெஷினைக் குளிர்விக்கிற கூலன்ட் எண்ணெய்த் தொட்டியில்தான் ஓட்டிப் பார்த்திருந்தேன். கன்னியப்பன் கரைச் சேற்றை அள்ளி அதைத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தார்.

8.40க்கு முதல் ஓட்டம். அறுபது அடி தூண்டில் நரம்பு விட்டேன். அறுந்துவிடக் கூடாது என்று நல்ல தடிமனான நரம்பாகக் கொண்டுபோயிருந்தேன். பொய் மீன் இரண்டடிதான் இறங்கியது. லேத்தில் வேலை சரியாக ஓடவில்லையென்றால் ஸ்பீடை மாற்றிப் பார்ப்போம் இல்லையா? அதே புத்தியில், "இன்னும் வேகமா வலிங்க" என்றேன். கன்னியப்பன் கை நரம்பு புடைக்கத் துடுப்பு வலித்தார். பொய் மீன் பக்கவாட்டில் சாய்ந்து, பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டு மேலேயே வந்துவிட்டது. ஒரு நீர்க்காகம் வந்து பார்த்துவிட்டுப் போனது.

"வேகமாப் போனா தண்ணி மேல தள்ளுது மச்சான்" என்றான் அந்தோணி. அவன் சொன்னது சரி என்பதாலேயே எனக்குக் கோபம் வந்தது. பையில் பித்தளை புஷ், மெஷினில் போடும் கனமான வளையம், இரண்டு இருந்தது. எடுத்துப் பொய் மீனின் வயிற்றிலேயே கம்பி போட்டுக் கட்டினேன். இப்போது இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. வாலும் ஆடவில்லை, தலையும் ஆடவில்லை. ஏரிக்குள் ஒரு கருவேல மரத்தின் அடிக்கட்டையில் போய் மாட்டிக்கொண்டது. கன்னியப்பன் சட்டையைக் கழற்றிவிட்டு முங்கி எடுத்து வந்தார். அதில் நாற்பது நிமிஷம் போயிற்று.

தலையைத் துவட்டிக்கொண்டே, "வகுத்துல கல்லக் கட்னா அது எப்டி சார் நீந்தும்?" என்று கேட்டார். நானும் அந்தோணியும் டிப்ளமா படித்தவர்கள்.

அதற்குப் பிறகுதான் கொஞ்சம் நிதானமாக யோசித்தோம். புஷ்ஷை வயிற்றிலிருந்து கழற்றி, பொய் மீனுக்கு ஐந்தடி முன்னால் நரம்பில் கட்டினோம். தடி நரம்பை எடுத்துவிட்டு அந்தோணி கொண்டுவந்த மெல்லிய நரம்பைப் போட்டோம். தடி நரம்பைத் தண்ணீர் பிடித்து மேலே தூக்குகிறது என்றான். நூற்றி இருபதடி விட்டோம். கன்னியப்பனை நடை வேகத்துக்கும் குறைவாக வலிக்கச் சொன்னோம். 11.50க்கு இழுத்துப் பார்த்தால் தகடு முழுக்கச் சேறு. அந்த இடத்தில் ஈயக் குண்டு விட்டு அளந்தோம், பன்னிரண்டு அடி. ஆக, அடி வரைக்கும் போகிறது. எனக்கு உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது.

ஆனால் வாளைக்கு அது தெரியவில்லை. மணி ஒன்று ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று. இரண்டு மணிக்குப் படகைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். என் கை என்னை அறியாமல் மீசையைத் தடவிக்கொண்டே இருந்தது.

"துன்னுட்டு வலிக்கிறேன் சார், கண்ணு இருட்டுது" என்று கன்னியப்பன் துடுப்பை உள்ளே போட்டுவிட்டுத் தூக்குச்சட்டியைத் திறந்தார். காற்றில் படகு தானாக அசைந்துகொண்டிருந்தது. அவர் இரண்டாவது வாய் வைப்பதற்குள் நரம்பு என் விரலை அறுப்பது போல இழுத்தது. பத்து நிமிஷப் போராட்டம். நான் இழுக்க, கன்னியப்பன் சோற்றுக் கையோடு குனிந்து செவுளில் கைவிட்டுத் தூக்கினார். வாளை. ஐந்து கிலோவுக்குக் குறையாது. நான் படகிலேயே எழுந்து நின்று கத்தினேன்.

திரும்பிப் பார்த்தால் அந்தோணி எழுதிக்கொண்டிருந்தான். "மதியம் 1.40. படகு நின்றிருந்தபோது" என்று.

"டேய், என்னடா எழுதுறே?"

"ஓடும் படகுலன்னுதான் மச்சான் கையெழுத்துப் போட்டிருக்கே. இவர் சாப்பிட்டுனு இருந்தாரே."

"மீனு மாட்டிச்சா இல்லியா? அத்தப் பாரு நைனா" என்றார் கன்னியப்பன். அந்தோணி பார்க்கவில்லை. எங்களுக்குத் தவக்காலம், பொய் சொல்லமாட்டேன் என்றான். ஈஸ்டர் முடிந்ததும் சொல்வாயா என்று கேட்டேன். வரும் வழியெல்லாம் அவனோடு பேசவில்லை. ஆவடி ரயிலில் வேறு பெட்டியில் ஏறினேன். மீனில் பாதியைக் கன்னியப்பனுக்கும் பாதியை அந்தத் துரோகிக்கும் கொடுத்துவிட்டேன். எனக்கென்று ஒரு துண்டுகூட வைத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை கேன்டீனில் நோட்டு வாசிக்கப்பட்டது. சேகர் புது பிளேடு வாங்கி வைத்திருந்தான். அவ்வளவுதான் சொல்வேன்.

நீங்கள் போவதாக இருந்தால் சில விஷயங்கள். செம்பரம்பாக்கம் சென்னையின் குடிநீர் ஏரி. கேட்காமல் கொள்ளாமல் தூண்டிலோடு போகாதீர்கள். எங்கே போனாலும் அனுமதி முதலில். ஆழம் வேண்டுமென்றால் வேகத்தைக் குறையுங்கள், நீளமாக விடுங்கள், மெல்லிய நரம்பு போடுங்கள். எடையை ஒருபோதும் பொய் மீனில் கட்டாதீர்கள், ஐந்தடி முன்னால் கட்டுங்கள். அவ்வப்போது படகை நிறுத்தாத குறையாக மெதுவாக்கிப் பாருங்கள். படகுக்காரருக்கு வயிறார ஏதாவது எடுத்துப் போங்கள். எதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அரை நாள் லீவு போட்டுக் குத்தம்பாக்கம் போனோம். அம்மா வழி முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். குற்ற உணர்ச்சியில் அந்தோணியும் பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தான். வாசலில் பெண்ணின் அத்தை என்னைப் பார்த்து, "மாப்பிள்ளையோட தம்பியா? அவர் பின்னால வர்றாரா?" என்று கேட்டார்கள். உள்ளே உட்கார்ந்ததும் பெண்ணின் அப்பா போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்றாவது வரனும் போயிற்று என்றே எனக்குப் பட்டது. மறைத்து என்ன ஆகப்போகிறது? பந்தயம், புஷ், கருவேல மரம், கன்னியப்பனின் சோறு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

காபித் தட்டோடு நின்றிருந்த பெண், பெயர் கலைவாணி, அந்தோணியைப் பார்த்துக் கேட்டது: "துடுப்பு போடலை, சரி. காத்து படகைத் தள்ளிட்டு இருந்துச்சா?"

"லேசா தள்ளிச்சு" என்றான்.

"அப்ப ஓடும் படகுதானே?"

அந்தோணி பையிலிருந்து நோட்டை எடுத்தான். இரண்டு நாளாக எனக்கு இது தோன்றவே இல்லை. இந்த வார்த்தை சனிக்கிழமை கேன்டீனில் ஒலித்திருந்தால் என் மீசை என்னிடமே இருந்திருக்கும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கலைவாணி என் முகத்தை ஒரு நிமிஷம் நன்றாகப் பார்த்தது. பிறகு தன் அம்மா பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னது: "எனக்குச் சரிம்மா. ஆனா அந்த மீசையை மறுபடி வளக்க வேணாம்னு சொல்லிடுங்க. அதைப் பார்த்துத்தான் ரெண்டு வாரமா யோசிச்சிட்டு இருந்தேன்."