நாலு விரல் உயரம்

எழுவைதீவில் என் வள்ளத்துக்கு எஞ்சின் வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். கூட்டுறவுச் சங்கத்துக்காரர் அதை வெளியிணைப்பு இயந்திரம் என்று எழுதுவார்கள். நாங்கள் மெசின் என்போம். அதுவரை பாயும் துடுப்பும்தான். பாய் ஏறிவிட்டால் மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். மெசினை அப்படி விட்டுவிட முடியாது என்பது வந்த கிழமையே தெரிந்துவிட்டது.

வள்ளத்தின் பின்பலகையில் அதைக் கொழுவி, இரண்டு திருகாணிகளால் இறுக்க வேண்டும். சும்மா கொழுவினால், தண்ணீரைத் தள்ளும் விசிறி ஆழத்தில் நின்றது. எங்கள் கரை முழுக்கக் கல்லும் பாசியும். கடல் வற்றும் நேரத்தில் விசிறி கல்லில் அடிபட்டது, பாசி சுற்றிக்கொண்டது, ஓட்டமும் மந்தமாக இருந்தது. பூவரசம் பலகைத் துண்டு ஒன்றைச் சீவி, பின்பலகையின் மேல் வைத்து, அதன்மேல் மெசினைக் கொழுவிப் பார்த்தேன். நாலு விரல் உயர்ந்தது. அன்றைக்கு வள்ளம் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் ஓடியது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

விசிறியும் என்னிடம் இரண்டு இருந்தன. மெசினோடு வந்ததன் இதழ்கள் நன்றாகச் சரிந்தவை. அது ஒரு சுற்றுக்கே வள்ளத்தைத் தூரத் தள்ளும், பாரம் ஏறினால் மட்டும் திணறும். மற்றதை, காரைநகரில் ஒருவருக்குப் பழைய வலை கொடுத்து மாற்றி வாங்கினேன். அதன் இதழ்கள் தட்டையானவை. வேகம் இல்லை, ஆனால் என்ன பாரமானாலும் இழுக்கும். இறக்குமதிச் சாமான் கண்ணால் காணக் கிடைக்காத காலம் அது. இரண்டு விசிறி வைத்திருந்தவன் ஊரிலே நான் ஒருவன்தான்.

என்னோடு தொழிலுக்கு வந்தவன் மனைவியின் தம்பி. பாய் ஓட்டத்தில் அவனை வெல்ல ஆளில்லை. மெசினை அவனுக்குப் பிடிக்காது. நானும் அதை அவனிடம் கொடுத்ததில்லை. இருவர் மட்டும் போகும் நாட்களில் வேக விசிறியைப் பூட்டுவேன். மற்ற வள்ளங்கள் வந்து சேர முன்னமே எங்கள் மீன் ஊர்காவற்றுறையில் இறங்கிவிடும்.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கும் காலத்தில் ஒருநாள் விடிய எழும்பும்போது தொப்புளைச் சுற்றி நோவு. வாய்வு என்று நினைத்தேன். மனைவி ஓமத் தண்ணீர் வைத்துத் தந்தாள். குடித்ததெல்லாம் வெளியே வந்தது. வெயில் ஏறும்போது நோவு வலப்பக்கம் இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. காலை நீட்ட முடியவில்லை. அம்மா வந்து வயிற்றில் கை வைத்தாள். நான் கத்தியதைக் கேட்டு அவள் கையை எடுத்த விதம் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

"ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும், இப்பவே," என்றாள்.

மைத்துனனும் பக்கத்து வளவு அண்ணையும் கதிரையோடு என்னைத் தூக்கி வள்ளத்தின் அடித்தட்டில் ஓலைப்பாய் விரித்துக் கிடத்தினார்கள். மனைவி ஏறினாள். அம்மா ஏறினாள். ஆம்பிளைத் துணை வேண்டுமென்று அண்ணையும் ஏறினார்; அவர் நல்ல பாரமான மனுசன். வள்ளம் அமிழ்வது என் முதுகுக்குத் தெரிந்தது.

"விசிறியை மாத்து," என்றேன் மைத்துனனிடம். "மற்றது குசினிக்குள்ளை தொங்குது."

"அத்தான், நீங்கள் கிடக்கிற கிடைக்கு விசிறி மாத்திக்கொண்டு நிக்க ஏலுமே? பேசாமல் கிடவுங்கோ."

அவன் சொன்னதும் சரிதான். மெசினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தான், மெசின் பிடித்தது.

கரையோரம் மட்டும் எல்லாம் ஒழுங்காக இருந்தது. தீவின் மறைப்பை விட்டு வெளியே வந்ததும் சோளகம் வலப்பக்கத்தால் அடித்தது. அலை வள்ளத்தின் பின்பக்கத்தைத் தூக்கியது. மெசின் வீரிட்டது. இறங்கியதும் அடங்கியது. அடுத்த அலைக்கு மறுபடி வீரிட்டது.

கிடக்கிறவனுக்கு அந்தச் சத்தம் காதால் வருவதில்லை. பலகை வழியாக முதுகெலும்புக்குள் வரும். என்ன நடக்கிறது என்று எனக்கு அச்சொட்டாகத் தெரிந்தது. இரண்டு பேருக்கும் அமைதிக் கடலுக்கும் என்று நான் உயர்த்தி வைத்த மெசின் அது. அலை தூக்கும்போதெல்லாம் விசிறி தண்ணீரை விட்டுக் காற்றைச் சுற்றியது. மைத்துனனோ சத்தத்துக்குப் பயந்து, வள்ளம் ஓடவில்லையே என்று வேகத்தை இன்னும் கூட்டினான். கூட்டக் கூட்டச் சத்தம்தான் ஏறியது. வள்ளம் நின்ற இடத்தில் குலுங்கியது.

"குறைக்கச் சொல்லும்," என்றேன் மனைவியிடம். அவள் மடியில் என் தலை இருந்தது. "குறைச்சு, எல்லாரையும் பின்னுக்கு வரச் சொல்லும். பின்பக்கம் அமிழவேணும்."

அவள் குனிந்து கேட்டாள். பிறகு தம்பியைப் பார்த்துக் கத்தினாள்: "அத்தான் பின்னுக்குப் போகட்டாம்!"

"எங்கை பின்னுக்கு? திரும்பிப் போறதோ?"

"இல்லையடா, ஆக்கள் பின்னுக்கு!"

காற்று பாதிச் சொல்லைக் கொண்டு போய்விட்டது. அண்ணை வள்ளத்தின் முன்னணியத்தில் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். நான் கையால் காட்டினேன். நான் தண்ணீர் கேட்பதாக அம்மா நினைத்துக்கொண்டாள்.

சத்தம் நின்றது. மெசினை மைத்துனனே நிறுத்திவிட்டான்.

"அந்தப் பலகைத் துண்டை எடுக்கப் போறன்," என்றான். "அது கிடக்கும் மட்டும் இது தண்ணியைப் பிடிக்காது."

அன்றுவரை மெசினையே தொடாதவன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். ஆனால் அவன் செய்யப்போவதை நினைத்து எனக்கு வயிற்று நோவே மறந்துபோயிற்று. இரண்டு திருகாணியையும் தளர்த்தி, மெசினைத் தூக்கி, பலகையை உருவி, திரும்ப இறக்கவேண்டும். கரையில் கட்டிய வள்ளத்திலே இருவர் செய்கிற வேலை அது. நடுக்கடலில் வள்ளம் குறுக்காகத் திரும்பி உருண்டுகொண்டிருந்தது. காப்புக் கயிறு ஒன்று இருந்தது. மெசின் கடலில் விழாமல் வள்ளத்தின் வளையத்தோடு சேர்த்துக் கட்டுவது. முதல்நாள் அதை அவிழ்த்தேன். திரும்பக் கட்டினேனா என்று எவ்வளவு நினைத்தும் ஞாபகம் வரவில்லை.

"கயிறு... கயிறு பார்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அக்கா, வந்து என்ரை இடுப்பைப் பிடி," என்றான் அவன்.

மனைவி என் தலையை அம்மாவின் மடிக்கு மாற்றிவிட்டுத் தவழ்ந்து போனாள். அதற்குப் பிறகு நான் கண்டது வானமும் அம்மாவின் நாடியும் அவள் கையில் ஆடிய செபமாலையும்தான். "மாதாவே, மாதாவே" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். திருகாணி கிரீச்சிட்டது. வள்ளம் சரிந்து ஒரு வாளித் தண்ணீர் என் முகத்தில் விழுந்தது. "பிடி, பிடி, விடாதை!" என்று அவன் குளறினான். மனைவி அழுதாள். ஏதோ பாரமானது மரத்தில் இடித்தது. கடலுக்குள் போய்விட்டது என்றே நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. நோவுக்குக்கூடச் சுருண்டு படுக்க இடமில்லை.

பிறகு மெசினைக் கிளப்பக் கயிறு இழுக்கும் சத்தம். பிடிக்கவில்லை. மறுபடி. எத்தனை தரம் இழுத்தானோ தெரியாது. கடைசியில் பிடித்தது, ஆழமான குரலில். விசிறி தண்ணீரைக் கடித்தது பலகை வழியாக எனக்குத் தெரிந்தது. வேக விசிறிக்கு அந்தப் பாரம் கூடுதல்தான். மெசின் திணறித் திணறி இருமியது. ஆனாலும் வள்ளம் நகர்ந்தது. பாய் விரித்திருந்தால் இதைவிடக் கெதியாகப் போயிருக்கலாம் என்று அண்ணை சொன்னார்.

ஊர்காவற்றுறையில் பார்த்தவர்கள் என்னை உடனே யாழ்ப்பாணத்துக்கு ஏற்றினார்கள். குடல்வால் வெடித்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். வயிற்றைத் திறந்து கழுவினார்கள். காய்ச்சல் நாட்களில் நான் "கயிறு, கயிறு" என்று புலம்பினேனாம். பக்கத்துக் கட்டில்காரர் என்னை மாட்டு வியாபாரி என்று நினைத்தாராம். மனைவி பகலில் வருவாள், கஞ்சி கொண்டு வருவாள். கடலைப்பற்றிக் கேட்டால், "தம்பி போறான், மீன் படுகுது," என்று மட்டும் சொல்வாள்.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, நெடுநாளைக்குப் பாரம் தூக்கக் கூடாது என்றார் டாக்குத்தர். ஊர்காவற்றுறை துறைமுகத்துக்கு மைத்துனன் என் வள்ளத்தோடு வந்திருந்தான். படியில் இறங்கும்போதே பார்த்துவிட்டேன். பின்பலகை முன்போல இல்லை. மெசின் இருக்கும் இடத்தில் ஒரு சாண் அளவுக்கு அறுத்து இறக்கியிருந்தான். அறுத்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. விசிறியும் தட்டை இதழ் விசிறி.

"என்னடா இது?"

"அறுத்துப்போட்டன், அத்தான்."

"ஆரைக் கேட்டு அறுத்தனி?"

மனைவிதான் சொன்னாள். "அறுக்கேக்கை நான்தான் பலகையைப் பிடிச்சனான். இவனுக்கு அண்டைக்குப் பிறகு அந்தச் சத்தம் கேக்க ஏலாமல் கிடக்காம். எனக்கும்தான்."

அறுத்த பலகையைத் திரும்ப ஒட்ட முடியாது; அந்தப் பள்ளத்தில் துண்டு வைத்தாலும் மெசினின் பாரத்துக்கு நிற்காது. புதுப் பின்பலகை போடுவதென்றால் வள்ளத்தைக் கரையேற்றி ஆணி முழுக்கக் கழற்ற வேண்டும். என்னால் ஒரு துடுப்பைக்கூடத் தூக்க முடியாது. என்ன கோபம் வந்தாலும் அதை எடுத்து வைக்க ஓரிடம் இல்லாமல் இருந்தது. தையல் இழுக்காமல் இருக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி நடுவில் உட்கார்ந்தேன்.

வள்ளம் மெதுவாக ஓடியது. அலை தூக்கியபோதும் விசிறி தண்ணீரை விடவில்லை. எங்களுக்குப் பிறகு வெளிக்கிட்ட வள்ளங்கள் இரண்டு எங்களைக் கடந்து போயின. முன்பென்றால் அவற்றை நான் கிட்ட வர விட்டிருக்கமாட்டேன். மைத்துனன் அவற்றைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

எழுவைதீவுக் கரை வற்றிக் கிடந்தது. விசிறி ஆழத்தில் நின்றதால் கல்லுக்கு வெகுதூரம் முன்னமே மெசினை நிறுத்தவேண்டியிருந்தது. மைத்துனன் மெசினை மேலே சரித்துவிட்டு இறங்கினான். மனைவியும் சேலையை உயர்த்திச் செருகிக்கொண்டு இறங்கினாள். நானும் ஒரு காலை வெளியே போட்டேன்.

"நீங்கள் இருங்கோ," என்றாள் அவள்.

இருந்தேன். இடுப்பளவு தண்ணீரில் இருவரும் வள்ளத்தைக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.