சந்தனம் வைத்த ஸ்பிரே கன்

எங்கள் பட்டறைச் சுவரில் கடைசி ஆணியில் ஒரு ஸ்பிரே கன் தொங்குகிறது. லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற மற்ற கன்கள் தினமும் இறங்கி ஏறும். அது மட்டும் இறங்குவதில்லை. விசையை இழுத்தால் அசையாது. தலைமேல் இருக்கும் கிண்ணத்தின் மூடியைத் திருகினால் திறக்காது. உள்ளே இருக்கிற பச்சைப் பெயிண்ட் ஏழு வருஷமாகக் கல்லாகக் கிடக்கிறது. கைப்பிடியில் காய்ந்துபோன சந்தனமும் அதன் நடுவில் மங்கிய குங்குமமும் அப்படியே இருக்கின்றன. புதிதாக வரும் லாரி முதலாளிகள், ராசிக்காக மாட்டி வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். ராசியாவது மண்ணாவது! நான் செய்த மடத்தனம் அங்கே தொங்குகிறது. அந்தக் கன் என் மச்சினனுடையது.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. ஜலகண்டாபுரத்துத் தறிக்காரக் குடும்பம். என்னைவிடப் பத்து வயது இளையவன், ஆனால் வேலையில் என்னைவிடப் பத்துப் படி மேலே. கோயமுத்தூரில் கார்களுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவனை, நாமக்கல்லில் சொந்தமாகப் பட்டறை போட்டபோது நான்தான் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தேன். ஒரு தோள்பையும், மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டிருந்த ஒரு பெட்டியுமாகப் பஸ்ஸிலிருந்து இறங்கினான். பையை நான் வாங்கிக்கொண்டேன். பெட்டியைக் கொடுக்கவில்லை. அதற்குள்தான் அந்தக் கன் இருந்தது.

அவன் வந்த முதல் நாளே எங்களுக்குள் ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் வேலை முடிந்ததும் நான் கன்னை, பெயிண்டைக் கரைக்கிற தின்னர் வாளியில் முழுசாக முக்கிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவது வழக்கம். திரும்பி வந்து பார்த்தால் என் கன்னை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். "முழுசா ஊறப்போட்டா உள்ளார இருக்கற வாஷரெல்லாம் வெறச்சு ஒழுகுமுங்க மாமா" என்றான். அவன் கழுவுவதைப் பார்க்கவே ஒரு பொறுமை வேண்டும். முதலில் கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றை நிறுத்துவான். விசையை அழுத்தி, குழாயில் மிச்சமிருக்கும் காற்றையும் வெளியேற்றிய பிறகுதான் எதையும் கழற்றுவான். மீந்த பெயிண்டை ஊற்றிவிட்டு, ஒரு மடக்குத் தின்னர் விட்டுக் குலுக்குவான். மறுபடியும் காற்றைக் கொடுத்து, அந்தத் தின்னரை ஒரு தகர டப்பாவுக்குள் பீய்ச்சிவிட்டு, திரும்பவும் காற்றை நிறுத்துவான். பிறகு முன்மூடியைக் கழற்றிப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பான். அதிலுள்ள சின்ன ஓட்டைகளை ஈர்க்குச்சியால் மட்டும்தான் தொடுவான். நான் அவசரத்துக்குக் கட்டுக்கம்பியால் குத்துகிற ஆள். அதைப் பார்த்தால் தன் கண்ணிலேயே யாரோ குத்தியது மாதிரி முகத்தைச் சுளிப்பான். எல்லாம் முடிந்த பிறகு ஊசிக்கும் விசைக்கும் ஒரு சொட்டு எண்ணெய். நான் வீட்டுக்குக் கிளம்ப செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து அவன் குரல் வரும்: "கன்னைக் கழுவியாச்சுங்களா மாமா?" ஐந்து வருஷம், தினமும் இதே கேள்வி. எனக்கு அப்படியொரு எரிச்சல் வரும். இன்றைக்கு அந்தக் குரலுக்காக எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

கன்னைவிட அவனுக்குப் பெரிய விஷயம் மாஸ்க். நான் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிப்பவன். அவனுடையது இரண்டு பக்கமும் குப்பி மாதிரி வடிகட்டி வைத்த ரப்பர் மாஸ்க். வேலை முடிந்ததும் வடிகட்டிகளைக் கழற்றி ஒரு ரஸ்க் டப்பாவுக்குள் போட்டுக் காற்றுப் புகாமல் மூடிவைப்பான். பெயிண்ட் சீக்கிரம் இறுகுவதற்காகக் கலக்கிற ஹார்டனர் இருக்கிறதே, அதன் புகை நெஞ்சுக்குள் போனால் போனதுதான், துண்டெல்லாம் அதற்குக் காணாது என்பான். மாஸ்க்கை மாட்டியதும் இரண்டு உள்ளங்கைகளாலும் வடிகட்டிகளைப் பொத்திக்கொண்டு மூச்சை இழுத்துப் பார்ப்பான். முகத்தோடு ஒட்டிக்கொண்டால்தான் உள்ளே போவான். மீசை இருந்தால் மாஸ்க் ஒட்டாதாம், இடுக்கு வழியாகப் புகை வருமாம். அதற்காக மீசையை மழித்தவன் அவன். எங்கள் பக்கத்தில் கல்யாண வயதில் ஒருவன் மீசையை எடுப்பது சாமானியப்பட்ட காரியமா? பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணின் பெரியப்பா, "மாப்பிள்ளைக்கு மீசை இன்னும் மொளைக்கலீங்களா?" என்று கேட்டே விட்டார். எனக்கு மானம் போயிற்று. அவனோ கொஞ்சமும் கலங்காமல் மாஸ்க்கைப் பற்றி ஐந்து நிமிஷம் விளக்கம் சொன்னான். உள்ளே பெண் சிரித்த சத்தம் கூடத்துக்குக் கேட்டது. அந்தப் பெண்ணையே கட்டினான்.

நான் அப்படியா? என் மீசை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பிரசித்தம். முறுக்கிவிட்டுக்கொண்டு நடப்பேன். வேலையிலும் அதே முறுக்குத்தான். ஒருநாள் சட்டையில் இருந்த தூசியைக் காற்றுக் குழாயால் ஊதிக்கொண்டிருந்தேன். ஓடிவந்து பிடுங்கினான். "வெறும் காத்துன்னு நெனைக்காதீங்க மாமா. தோலுக்குள்ள பூந்துருமுங்க." நான் சிரித்தேன். இன்னொரு நாள், கழுத்தில் தடிமனான சங்கிலி போட்ட ஒரு லாரி முதலாளி, பெயிண்ட் அடிக்கிற கொட்டகை வாசலில் நின்று சிகரெட் பற்றவைத்தார். என் மச்சினன் நேராகப் போய் அவர் விரலிலிருந்து சிகரெட்டை எடுத்துத் தண்ணீர் வாளியில் போட்டான். அவன் சொன்னான்: "மொதலாளி, உங்க லாரி உள்ளார நிக்குது. எங்க மாமாவும் உள்ளாரதான் இருக்காரு. லாரிக்கு நீங்க பொறுப்பு. மாமாவுக்கு ஒண்ணுன்னா எங்க அக்காளுக்கு நான் பதில் சொல்லோணுமுங்க." அவர் தள்ளிப்போய் நின்றுகொண்டார். நான் அன்றைக்கு அவனைத் திட்டினேன், பெரிய மனிதரிடம் அப்படி நடக்கலாமா என்று. அவன் பேச்சில் எனக்காக என்ன இருந்தது என்பது அப்போது என் மண்டைக்கு எட்டவில்லை.

அந்த ஆயுத பூஜையன்று ஒரு பச்சை லாரி பாக்கி நின்றது. பின்கதவில் ஒரு கோட்டுப் பெயிண்ட் மட்டும் அடித்தால் வேலை முடிந்தது. மச்சினன் பூசணிக்காயும் பொரியும் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தான். என் கன் ஒழுகியது. ஒழுகாமல் என்ன செய்யும், நான் பராமரித்த லட்சணம் அப்படி. சரி, ஐந்து நிமிஷ வேலைதானே என்று அவன் கன்னை எடுத்தேன். அவனைக் கேட்காமல் எடுத்தது அதுதான் முதல் தடவை. ஹார்டனர் கலந்து அடித்து முடித்தபோது கிண்ணத்தில் பாதி மிச்சம் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய் கம்ப்ரசர் நின்றது. பூசாரியோ, நல்ல நேரம் முடியப்போகிறது என்று வாசலிலிருந்து குரல் கொடுக்கிறார். நான் கன்னின் வெளிப்பக்கத்தை மட்டும் துணியால் பளபளவென்று துடைத்தேன். சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், மற்ற ஆயுதங்களோடு வாழையிலையில் வைத்தேன். கற்பூரம் காட்டி முடிந்தது.

அவன் பொரி மூட்டையோடு உள்ளே வந்தான். இலையைப் பார்த்தான். கன்னின் மூக்கில் ஒரு துளி பச்சைப் பெயிண்ட் நின்றுகொண்டிருந்தது. அவனுக்கு அது போதும். என் பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் சொன்னான். "மாமா, ஹார்டனர் கலந்ததுங்க. விடியறதுக்குள்ள கல்லாயிரும். எடுத்துக் கழுவிப்போட்டு மறுக்கா வெச்சர்லாமுங்க." பூஜைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை தொடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். சாமியிடம் வைத்ததை எடுக்கக் கூடாது என்றேன். "அழுக்கோட வெய்யின்னு சாமி சொல்லலீங்களே மாமா" என்றான். சுற்றிலும் பட்டறை ஆட்கள், லாரி முதலாளிகள், டிரைவர்கள். எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். தப்பு என்மேல் என்று தெரிந்ததாலேயே எனக்குக் கோபம் தலைக்கேறியது. மீசையைத் தடவிக்கொண்டு உரக்கச் சொன்னேன்: "மீசையில்லாதவம் பேச்சையெல்லாம் கேட்டுத்தான் நான் சாமி கும்பிடோணுமாடா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. பொரி மூட்டையைப் பிரித்து எல்லாருக்கும் கை நிறையக் கொடுத்தான், எனக்கும் கொடுத்தான். பிறகு அந்த இலைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, கன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டடி தூரம்தான். கை நீட்டி எடுத்திருக்கலாம். நான் வேண்டாம் என்றதால் எடுக்கவில்லை. அவன் என்னை மதித்த அளவுக்கு இந்த உலகத்தில் யாரும் என்னை மதித்ததில்லை என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் காலையில் மறுபூஜை முடிந்ததும் முதல் ஆளாகக் கன்னை எடுத்து விசையை இழுத்தான். அசையவில்லை. ஒரு தடவைதான் இழுத்தான். ஆணியில் மாட்டினான். மாஸ்க்கையும் ரஸ்க் டப்பாவையும் பைக்குள் வைத்துக்கொண்டு, "போயிட்டு வாரேனுங்க மாமா" என்றான். டீ குடிக்கத்தான் போகிறான் என்று நினைத்தேன். மத்தியானம் என் மனைவி போன் செய்து அழுதபோதுதான் வேலையை விட்டே போய்விட்டான் என்று தெரிந்தது. அடுத்த மாதம் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு நாக்பூருக்குப் போய்விட்டான். அங்கே நம் பக்கத்து ஆட்கள் வைத்திருக்கும் லாரிப் பட்டறை ஒன்றில் பெயிண்டராகச் சேர்ந்தான்.

அக்காளுக்கு மட்டும் வாராவாரம் போன் வரும். "மாமா நல்லாருக்காருங்களா?" என்று கடைசியில் ஒரு வார்த்தை கேட்பானாம். நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். போனை நீட்டுவாள், நான் கையை அசைத்து வேண்டாம் என்பேன். பேசினால் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்கு எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் பட்டறையில் யாராவது கன்னைக் கழுவாமல் செருப்பை மாட்டினால் என் வாயிலிருந்து அவன் கேள்விதான் வந்தது. ஈர்க்குச்சிகளை நானே சீவி ஒரு தம்ளரில் போட்டு வைத்தேன். சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு, உள்ளேயிருந்து யாராவது கேட்க மாட்டார்களா என்று ஒரு நிமிஷம் சும்மா நிற்பேன். யாரும் கேட்டதில்லை.

போன வருஷம் எனக்கு இருமல் பிடித்தது. விடவே இல்லை. பத்தடி நடந்தால் நெஞ்சுக்குள் விசில் அடித்தது. டாக்டர், ஒன்று தொழிலை விடுங்கள் அல்லது ஒழுங்கான மாஸ்க் போடுங்கள் என்று சொல்லிவிட்டார். அவன் போட்ட மாதிரியே ஒன்று வாங்கி வந்தேன். மாட்டி, உள்ளங்கைகளால் பொத்தி, மூச்சை இழுத்தேன். ஒட்டவில்லை. மீசை வழியாகக் காற்று புஸ்ஸென்று உள்ளே வந்தது. வார்களை இறுக்கிப் பார்த்தேன், எண்ணெய் தடவி மீசையைப் படியவைத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நான்கு நாள் இருக்கும்போது, கொட்டகையில் நின்ற ஒரு லாரியின் பக்கக் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு மழித்துவிட்டேன். வீட்டுக்குப் போனதும் என் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏனுங்க, இப்பத்தானுங்களா?" என்றாள். அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பூஜையன்று எல்லாக் கன்களையும் கழுவி, கிண்ணம் தனி, மூடி தனி, ஊசி தனி என்று கழற்றியே இலையில் வைத்தேன். பூசாரி ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். கடைசி ஆணியில் இருந்ததையும் இறக்கி ஓரமாக வைத்தேன். மாமனுக்கு வீடியோ போன் போட்டுப் பூஜையைக் காட்டிக்கொண்டிருந்த என் மகள், சொல்லாமல் கொள்ளாமல் போனை என் பக்கம் திருப்பிவிட்டாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு அவன் முகம். காதோரம் நரைத்திருந்தது. மீசை இல்லை. அவனும் என் முகத்தைப் பார்த்தான். வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்ததைச் சொல்ல வாயெடுப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன்தான் முதலில் பேசினான்.

"கன்னைக் கழுவியாச்சுங்களா மாமா?"

"ஒண்ணைத் தவிர எல்லாத்தையும் கழுவிட்டேன் மாப்ள" என்றேன். போனை இலைப் பக்கம் திருப்பிக் காட்டினேன். முகத்தைக் கிட்டே கொண்டுவந்து கன்னைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அதை நான் வந்து பாத்துக்கறனுங்க. அது வரைக்கும் கம்பி கிம்பி உட்டுக் குத்தீராதீங்க."

எப்போது வருவான் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தீபாவளி போய்விட்டது. கன்னைத் திரும்ப ஆணியில் மாட்டியிருக்கிறேன். தூசி துடைக்கும்போது சந்தனம் அழியாமல் சுற்றிலும் மட்டும் துடைக்கிறேன். அதற்குக் கீழே புதுத் தின்னர் டப்பா ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், சீல் உடைக்கவில்லை.